‘24 மணி நேரத்துல சரியாயிடும்’ என்ற வாக்கு எங்கே தயாராகிறது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில் மூன்று நாளாக இன்டர்நெட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கார அம்மா கஸ்டமர் கேருக்கு அழைக்கிறார். தமிழில் பேசும் ஒருவர் எடுத்து, “கம்ப்ளைன்ட் ரைஸ் பண்ணிட்டேங்க மேடம், 24 மணி நேரத்துல சரியாயிடும்” என்கிறார். மறுநாள் யாரும் வரவில்லை. “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்ற குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. திரும்ப அழைத்தால் வேறொரு குரல், அதே 24 மணி நேரம்.

அந்தப் பையன் பொய் சொல்லிவிட்டான் என்றுதான் அந்த அம்மாவுக்குத் தோன்றும். பெரும்பாலான நேரங்களில் அந்தக் கோபம் தவறான ஆள் மேல் போகிறது. போன் எடுத்தவர் முன்னால் இருக்கும் திரையை ஒரு முறை பார்த்தால் காரணம் விளங்கும். வாடிக்கையாளர் பெயர், பிளான், கடைசியாகக் கட்டிய தொகை, பழைய புகார்களின் பட்டியல், புதுப் புகார் பதியும் பொத்தான், அதன் பக்கத்தில் தானாகவே நிரம்பி நிற்கும் ‘24’ என்ற எண். அவ்வளவுதான். பாலக்காட்டில் கேபிள் பழுது பார்க்கிறவர் இன்று எத்தனை வீட்டுக்குப் போகிறார், வண்டி எங்கே நிற்கிறது, வெட்டுப்பட்ட கேபிள் வீட்டுக்குப் போகிறதா, தெரு முழுவதற்குமா என்று எதுவும் அந்தத் திரையில் வராது.

அந்த 24 யார் போட்ட எண்? இன்டர்நெட் நிறுவனத்துக்கும் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே பேசி வைத்த இலக்கு அது. இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்தம் என்ற கணக்கு. இன்றைய நிலவரத்தைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடு அல்ல. இலக்கை நிலவரம் போல வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுவதில்தான் கால் சென்டர் நம்பிக்கையின் முதல் விரிசல் விழுகிறது. படித்துக் காட்டுகிறவர் உண்மையென்றே நம்பிப் படிக்கவும் கூடும்.

இங்கே நான்கு கைகள் இருக்கின்றன. இன்டர்நெட் தரும், பில்லில் பெயர் போட்ட நிறுவனம் ஒன்று. அதற்காகப் போன் எடுக்கும் அவுட்சோர்சிங் நிறுவனம் இன்னொன்று. கோவை சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் இப்படிப்பட்ட அலுவலகங்கள் பல. சம்பளத்துக்கு உட்காரும் ஏஜென்ட் மூன்றாவது. கம்பத்தில் ஏறுகிற ஒப்பந்தக்காரரின் ஆள் நான்காவது. பேசுகிறவரும் சரிசெய்கிறவரும் வேறு வேறு சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த அம்மாவோ தான் ‘கம்பெனி’யுடன் பேசுவதாக நினைக்கிறார். “நீங்க எங்கிருந்துங்க பேசறீங்க?” என்று கேட்டால் “கஸ்டமர் கேர்ல இருந்துதாங்க” என்று நழுவச் சொல்லிக் கொடுக்கும் புராசஸ்கள் (ஒரு நிறுவனத்துக்காக நடத்தும் கால் சென்டர் பிரிவுகள்) உண்டு. “கோயம்புத்தூர்ல இருந்து பேசறேங்க, பழுது பார்க்கிறவங்க பாலக்காட்டுல இருக்காங்க” என்று சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. யாரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதாவது அந்த அம்மாவுக்குப் புரியும்.

பணம் எப்படி எண்ணப்படுகிறது

அவுட்சோர்சிங் ஒப்பந்தத்தில் கட்டணம் பெரும்பாலும் மூன்று வகை: பேசிய நிமிடத்துக்கு இவ்வளவு, எடுத்த அழைப்புக்கு இவ்வளவு, உட்கார வைத்த ஆளுக்கு மாதம் இவ்வளவு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் தவறுக்கு வழிவிடுகிறது. நிமிடக் கணக்கில் ஹோல்டு நீளும். ஆள் கணக்கில் பயிற்சி முடியாதவரும் ‘உற்பத்தி’யில், அதாவது நேரடியாக அழைப்பு எடுக்கும் வேலையில், சேர்க்கப்படுவார். அழைப்புக் கணக்குதான் வாடிக்கையாளருக்கு மிகவும் கெடுதல் என்பது எங்கள் கருத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேருக்குப் பிரச்சினை. முதல் அழைப்பிலேயே தீர்ந்தால் பில் 100 அழைப்புக்கு. 30 பேர் மறுபடி அழைத்தால் 130. தீர்க்காமல் விட்டவருக்கே கூடுதல் வருமானம். யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை. தடுப்பதற்கு யாருக்கும் அக்கறை வராது என்பதே போதும்.

இதன் மேல் ஏ.எச்.டி. (ஆவரேஜ் ஹேண்ட்லிங் டைம்) வந்து உட்காருகிறது. பேசிய நேரம், ஹோல்டு வைத்த நேரம், வைத்த பிறகு குறிப்பு எழுதும் நேரம், மூன்றையும் கூட்டி அழைப்பு எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி அது. இலக்கு 300 வினாடி என்று வையுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்டில் இடைவேளை போக 420 நிமிடம். அதில் 85 சதவீதம் அழைப்பிலேயே போனால் நாளுக்குச் சுமார் 70 அழைப்பு. இந்த ஓட்டத்தில் “24 மணி நேரத்துல சரியாயிடும்” என்று சொல்ல மூன்று வினாடி. “உங்க தெருவுல இதே புகார் வேற யாராவது கொடுத்திருக்காங்களான்னு பார்த்துச் சொல்றேங்க” என்று சொல்லிப் பார்த்து முடிக்க நான்கு நிமிடம் கூடுதல். பத்துப் பேரிடம் அப்படி நடந்துகொண்டால் மாலையில் டி.எல். (டீம் லீடர்) வந்து நிற்பார், மாதக் கடைசியில் இன்சென்டிவ் போகும். உண்மைக்கு ஆகும் செலவு ஏஜென்ட் சம்பளத்திலிருந்து போகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன 22 வயதுப் பிள்ளையிடம் தன் இன்சென்டிவைக் கொடுத்து நிறுவனத்தின் பேரைக் காப்பாற்று என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

தரப் பரிசோதனை இதைப் பிடிக்காதா என்றால், அரிதாகத்தான். நாளுக்கு 70 வீதம் 24 நாளில் ஒருவர் எடுப்பது ஏறக்குறைய 1,700 அழைப்பு. க்யூ.ஏ. (தரப் பரிசோதனை) ஆள் அதில் ஆறை எடுத்துக் கேட்டால் 280க்கு ஒன்று. அந்த ஆறிலும் மதிப்பெண் எதற்கு? வணக்கம் சொன்னாரா, பெயர் சொல்லி அழைத்தாரா, ஹோல்டு வைக்க அனுமதி கேட்டாரா, ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று முடித்தாரா. சொன்ன வாக்கு மறுநாள் நிறைவேறியதா என்று பார்க்க அழைப்பின் ஒலிப்பதிவை மட்டும் கேட்டால் போதாது; புகாரின் பின்கதையையும் திறக்க வேண்டும். பல படிவங்களில் அதற்குக் கட்டமே கிடையாது.

தீராத புகார் ‘தீர்ந்தது’ ஆவது எப்படி

பழுதுக்காரருக்கும் கெடு ஓடுகிறது. கெடு தாண்டினால் பிடித்தம். எனவே நேரம் முடிய அரை மணி இருக்கையில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டு, ‘வாடிக்கையாளரை எட்ட முடியவில்லை’ என்று குறித்து டிக்கெட்டை (கணினியில் உள்ள புகார்ப் பதிவை) மூடுவது ஒரு வழி. கேட்டைத் திறக்க ஆளில்லை என்று குறிப்பது இன்னொரு வழி. வாடிக்கையாளர் திரும்ப அழைக்கும்போது பழைய டிக்கெட்டை மறுபடி திறக்காமல் புதிதாக ஒன்று போடுவார்கள். மறுதிறப்பு எண்ணிக்கை மாத அறிக்கையில் சிவப்பாகத் தெரியும். புது டிக்கெட் தெரியாது. ஒரே கேபிள் வெட்டு, அறிக்கையில் கெடுவுக்குள் தீர்த்த நான்கு புகார்களாக நிற்கும்.

‘முதல் அழைப்பிலேயே தீர்வு’ என்ற அளவும் இப்படித்தான். அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட் தன் கையால் தேர்ந்தெடுக்கும் டிஸ்போசிஷனை (அழைப்பு எப்படி முடிந்தது என்ற குறிப்பை) வைத்து அதைக் கணக்கிட்டால், தன் தேர்வுத் தாளைத் தானே திருத்துவது போலாகிவிடும். ஐந்து நட்சத்திரக் கருத்துக் கேட்பும் அப்படியே. கோபமாக இருப்பவரை வேறு டெஸ்க்குக்கு மாற்றிவிட்டால் கருத்துக் கேட்கும் செய்தி அவருக்குப் போகாமலோ, அடுத்தவர் பேரில் விழவோ செய்யும். இதற்கெல்லாம் எளிய மாற்று இருக்கிறது: அதே எண்ணிலிருந்து, அதே காரணத்துக்கு, ஏழு நாளுக்குள் மறுபடி அழைப்பு வந்ததா என்று இயந்திரமே எண்ணட்டும். வந்தால் முதல் அழைப்பு தீரவில்லை; யார் என்ன டிக் போட்டிருந்தாலும் சரி.

காத்திருப்பு விஷயத்தில் உண்மை சொல்வது இன்னும் சுலபம். எத்தனை அழைப்பு, எத்தனை ஆள், எவ்வளவு காத்திருப்பு என்ற கணக்கை டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1917இலேயே சூத்திரமாக்கிவிட்டார். இன்றைய மென்பொருள்கள் எல்லாம் அதன் வாரிசுகள். ஆகவே ‘விரைவில் இணைக்கிறோம்’ என்று பாட்டுப் போடுவதை விட்டு ‘உங்களுக்கு முன் 11 பேர், சுமார் ஆறு நிமிடம்’ என்று சொல்ல முடியும். அடுப்பில் பால் இருக்கிறவர் பிறகு அழைத்துக்கொள்வார்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரு ‘சரி’

தமிழக, கேரள எல்லையில் உள்ள வாளையாருக்கு மேற்கே தமிழ் பேசும் வீடுகள் ஏராளம். சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை நெடுக. ஆனால் கால் சென்டர் கணினி மாநிலத்தைத்தான் பார்க்கும். பின்கோடு 678 என்று தொடங்கினால் மலையாள வரிசை. 641, 642 என்றால் தமிழ் வரிசை. மொபைல் சேவையில் சிம் எந்த வட்டத்தை (தொலைத்தொடர்புச் சேவைப் பகுதியை) சேர்ந்தது என்பதை வைத்து மெனு மொழி அமையும். அப்படியாக, பொள்ளாச்சியில் வாங்கிய சிம்மோடு முதலமடை மாந்தோப்பில் வேலை பார்க்கும் மலையாளி தமிழ் வரிசையிலும், கொழிஞ்சாம்பாறைத் தமிழர் மலையாள வரிசையிலும் போய் விழுகிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த எல்லைப் பிள்ளைகளுக்குக் கோவை கால் சென்டர்களில் மதிப்பு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இரண்டு மொழியும் தெரியும் என்பதாலேயே வரும் ஒரு ஆபத்தை யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதில்லை.

மலையாளத்தில் ‘நாளெ விளிக்காம்’ என்றால் நாளைக்கு நானே கூப்பிடுகிறேன் என்ற வாக்கு. தமிழில் அதற்கு நேராகத் தோன்றும் ‘நாளைக்குக் கூப்பிடலாம்’ என்பது கூப்பிட்டாலும் கூப்பிடலாம் என்றோ, நீங்கள் கூப்பிடுங்கள் என்றோதான் பொருள்படும். தமிழில் யோசித்து மலையாளம் பேசும் ஏஜென்ட், சரி பண்ணப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் ‘சரியாக்காம்’ என்கிறார். கேட்ட மலையாளிக்கு அது உறுதிமொழி. சொல்ல நினைத்தது ‘சரியாகாம்’, சரியாகக்கூடும் என்பது. ஒரு ‘க்’கில் ஒரு வாக்குறுதி பிறந்துவிடுகிறது. மறுபக்கம், மலையாளத்தில் யோசித்துத் தமிழ் பேசுகிறவர் உறுதியாகச் செய்து தருவதாக நினைத்து ‘செய்யலாம்’ என்கிறார். தமிழருக்கு அது பிடிகொடுக்காத பேச்சு. ‘பில்லு குறச்சு கூடுதலாணு’ என்பது பில் கொஞ்சம் அதிகம் என்ற முறையீடு. ‘குறச்சு’ என்பதைக் ‘குறைத்து’ என்று கேட்டுக்கொண்டால், குறைத்ததற்கு ஏன் புகார் என்று விழிக்க வேண்டியதுதான். இந்த வரிசைகளில் ‘-ஆம்’ விகுதியையே தவிர்த்து, உறுதியென்றால் ‘செய்யும்’ என்றும், உறுதியில்லை என்றால் ‘சாத்யதயுண்டு’ என்றும் சொல்லப் பழக்குவது நல்லது. அழைப்பைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவரும் இரண்டு மொழியும் அறிந்தவராக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் ‘சரி’ என்ற சொல். கொங்குப் பக்கம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவே “ம்… சரிங்க… சரிங்க” என்போம். மலையாளத்திலும் ‘சரி’ அப்படித்தான். போனை வைக்கும்போதும் ‘சரி’. வாடிக்கையாளரைத் தாங்களே அழைத்து விற்கும் ‘அவுட்பவுண்ட்’ விற்பனையில் ஏஜென்ட் மளமளவென்று சலுகையைப் படித்துக்கொண்டே போக, நடுவில் விழும் ஒரு ‘சரிங்க’ ஒலிப்பதிவில் சம்மதமாக ஏறிவிடுகிறது. அடுத்த மாதம் பில்லில் 99 ரூபாய் கூடியிருந்தால், ‘நீங்கதான் சரின்னு சொன்னீங்க, ரெக்கார்டிங் இருக்கு’ என்பார்கள். சட்டப்படி தப்பித்தாலும் அது சம்மதம் அல்ல. மொபைலில் மதிப்புக் கூட்டுச் சேவைகளைத் தொடங்க இரண்டாவது முறையும் உறுதி பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் உத்தரவிட்டதன் பின்னணி இதுதான். மற்ற சேவைகளுக்கும் அதே ஒழுக்கம் பொருந்தும். தொகையையும் எத்தனை மாதம் என்பதையும் சொல்லி நிறுத்த வேண்டும். ‘வேணுங்களா, வேண்டாங்களா?’ என்று கேட்டு, ‘வேணும்’ என்ற சொல் வந்தால் மட்டும் பதிய வேண்டும். ‘சரி’யைப் பதிலாக ஏற்கக் கூடாது.

சேர்ந்ததை விடுவிப்பதும் இதே கணக்கில் வரும். ரத்து செய்யக் கேட்பவரை, போகாமல் தக்கவைக்கப் பேசும் ரிடென்ஷன் டெஸ்க்குக்கு மாற்றி, அங்கே ஒருவரைத் தக்கவைத்தால் இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தால், லைன் ‘தானாக’ கட்டாகும் அழைப்புகள் பெருகும். மத்திய அரசு 2023 நவம்பர் 30இல் அறிவித்த வழிகாட்டுதல்களில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. வெளியேற வழி தெரியாமல் சந்தாவில் சிக்கவைப்பது அவற்றில் ஒன்று.

பணம் போன அழைப்பு

வங்கி அழைப்புகளில் நேர்மை என்றால் மணித்துளிக் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின் அடிப்படை இது: வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் கணக்கிலிருந்து பணம் போய், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் வரம்புக்குட்பட்ட இழப்பு. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்ட நேர்விலும், தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அப்படியானால் ‘தெரிவித்த நேரம்’ எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? அழைத்தவரை முதலில் பெயர், பிறந்த தேதி, கடைசி மூன்று பரிவர்த்தனை என்று சரிபார்ப்பு. பிறகு ‘சம்பந்தப்பட்ட துறைக்கு’ மாற்றம். ஹோல்டில் லைன் கட். புகார் எண் எதுவும் உருவாகவில்லை. மறுபடி வரிசையில் நின்று பதியும்போது 40 நிமிடம் போயிருக்கும். இன்னும் இரண்டு முறை பணம் போயிருக்கும். ஆகவே இந்த வகை அழைப்பில் வேலையின் வரிசை மாற வேண்டும். முதலில் கார்டை அல்லது கணக்கை முடக்கி, நேரத்தோடு புகார் எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட வேண்டும். கேள்விகள் அதற்குப் பிறகு. வங்கி வேலையை வெளியாருக்குக் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்று ரிசர்வ் வங்கி 2006இலேயே சொல்லிவிட்டது. ‘அது வெண்டர் தப்பு’ என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லும் பதில் ஆகாது.

ரகசியத்தைக் காப்பதிலும் ஒரு பாடம் உண்டு. 2005இல் புனேயில் ஓர் அவுட்சோர்சிங் நிறுவன ஊழியர்கள், அமெரிக்க வங்கி வாடிக்கையாளர்களிடம் நம்பிக்கையாகப் பேசி ரகசிய எண்களை வாங்கி, சுமார் 3,50,000 டாலரைத் திருடினார்கள். பூட்டு எதையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கையே சாவியாக இருந்தது. கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுப் போவது, பேப்பர் பேனா இல்லாத ஃப்ளோர், பென் டிரைவ் செருக முடியாத கணினி ஆகியவை இத்தகைய திருட்டுகளுக்கு எதிரான ஏற்பாடுகள். ஆனால் அதைவிட நல்ல ஏற்பாடு, எண் ஏஜென்ட் காதில் விழாமலே போவது. வாடிக்கையாளர் போன் பொத்தான்களில் அழுத்த, ஏஜென்டுக்கு ஒரே மாதிரியான ஓசை மட்டும் கேட்கும். கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பணப் பரிமாற்றம் முடிந்த பின் ஒலிப்பதிவில்கூட வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி.

நீங்கள் அழைக்காமல் உங்களுக்கு வரும் அழைப்பு வேறு விஷயம். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்துக்கு 140 வரிசையையும்தான் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ‘பேங்க்ல இருந்து பேசறோம்’ என்றால் வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் வங்கிக்குச் சொன்ன கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

தொலைத்தொடர்பு, பிராட்பேண்ட் புகாரில் டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்காமல் போனை வைக்கக் கூடாது. 2012 டிராய் விதிப்படி அதைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தீர்வில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ‘தீர்க்கப்பட்டது’ என்ற செய்தி தவறாக வந்தால் புதுப் புகார் போட ஒப்புக்கொள்ளாமல், பழைய எண்ணையே திறக்கச் சொல்லுங்கள். பொருள் வாங்கியதில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏஜென்ட் கையில் என்ன கொடுக்க வேண்டும்

‘நேர்மையாகப் பேசுங்கள்’ என்று சுவரில் ஒட்டுவதால் எதுவும் மாறாது. ஒப்பந்தத்தைத் திருத்தலாம்: ஏழு நாளுக்குள் மறுபடி வந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை, ஆனால் மறு அழைப்பு குறைந்தால் அந்தச் சேமிப்பில் பங்கு உண்டு என்று. ஏ.எச்.டி.யைத் தனி ஆள் இலக்காக வைக்காமல், ஆள் கணக்குப் போட மட்டும் பயன்படுத்தலாம். ஏஜென்டுக்குச் சிறு அதிகாரம் தரலாம். 300 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் பில்லில் கழிக்கும் உரிமை இருந்தால், ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேங்க’ என்ற பாதிப் பொய்யில் பெரும்பங்கு தேவைப்படாது. திரையில் ‘24’க்குப் பதிலாக, அந்தப் பகுதியில் கடந்த ஒரு வாரத்தில் புகார்கள் உண்மையில் எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தன என்ற எண்ணைக் காட்டலாம். இது தொழில்நுட்பமாகப் பெரிய வேலை அல்ல. மூடிய டிக்கெட்டுகளின் தேதிகளிலேயே இருக்கிறது, பொய்யாக மூடப்படாத வரை.

‘எனக்குத் தெரியலைங்க’ என்பதற்கு மதிப்பெண் குறைக்காத க்யூ.ஏ. படிவமும் வேண்டும். “கேபிள் எங்க வெட்டுப்பட்டிருக்குன்னு எனக்கு இங்க தெரியலைங்க. போன வாரம் உங்க பக்கம் இந்த மாதிரி புகாருக்கு ரெண்டு நாள் ஆயிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே பார்த்துட்டு மெசேஜ் பண்றேங்க” என்று சொல்லும் ஏஜென்டுக்கு அந்த ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் ஷிஃப்டில் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காமல் இந்த வசனத்தை மட்டும் ஸ்கிரிப்டில் சேர்த்தால் இன்னொரு பொய் சேர்ந்ததாகத்தான் ஆகும்.

வாரம் ஒரு மணி நேரம், மறுபடி மறுபடி அழைத்தவர்களின் பத்து ஒலிப்பதிவுகளை முதல் அழைப்பிலிருந்து வரிசையாகப் போட்டுக் கேட்பது செலவில்லாத வேலை. கேட்கும் அறையில் டி.எல்.லும் க்யூ.ஏ.வும் மட்டும் இருந்தால் பழி ஏஜென்ட் மேல் போய் முடியும். பாலக்காட்டுப் பழுது ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவரும், அந்த 24 என்ற எண்ணை மாற்ற அதிகாரம் உள்ள நிறுவனத்துக்காரர் ஒருவரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.